மூன்றாம் சனிக்கிழமை விரால்

அத்தியாயம் 5

விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு செருப்புக்கடை மாடியில் 'தையல்நாயகி துப்பறியும் நிலையம்' என்று போர்டு தொங்குகிறது. போர்டு மாட்டிய நாளிலிருந்து துப்பறியச் சொல்லி வந்தவர்களைவிட ஜாக்கெட் துணியோடு வந்தவர்கள்தான் அதிகம். உதவியாளன் அந்தோணி பிரபு அவர்களை விரட்டுவதே இல்லை. "அளவு குடுத்துட்டுப் போங்கக்கா, எதுக்கும் இருக்கட்டும்" என்று உட்கார வைத்துப் பேச்சுக் கொடுப்பான். பாதி ஊர்க் கதை அவனுக்கு அப்படித்தான் தெரியும்.

தையல்நாயகி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். எரியாத வைக்கோல் போரை எரிந்ததாகச் சொன்னவன், உயிரோடு இருக்கிற மாட்டுக்குச் சாவுச் சான்றிதழ் வாங்கியவன், எல்லாரும் அவர் கையில் மாட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கே அந்தப் புரட்டாசி மாத மூன்றாம் சனிக்கிழமை வந்த போன் கொஞ்சம் புதுசு.

"மேடம், என் மீனைக் காணோம்."

பிரபு ஸ்பீக்கரில் போட்டான். பேசியது பவுலின். திண்டிவனத்தில் தூண்டில் கடை வைத்திருப்பவள். ராடு, ரீல், நரம்பு, முள், ரப்பர் தவளை என்று மீன்பிடிப் பைத்தியங்களுக்கு வேண்டியதெல்லாம் அவளிடம் கிடைக்கும்.

"குழம்பு வெச்ச மீனாங்க, வெக்காத மீனாங்க?" என்றான் பிரபு.

"உசுரோட இருந்த விரால், சார். போட்டியில நேத்து சாயந்திரம் ஏரியில பிடிச்சது. இன்னிக்கு எடை போடணும். விளக்கு வெக்கிறதுக்குள்ள மீனைக் காட்டலன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். இப்பவே வீடியோல 'பொய் மீன் பவுலின்'னு போட்டு நாறடிக்கிறாங்க. பார்க்குறவங்க எல்லாம் என் கடைக்கு வர்றவங்க சார். என் பேரு கெட்டா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். சங்கத் தலைவர் சக்கரபாணி ஐயாதான் உங்க நம்பரைக் குடுத்தாரு. ஜல்தியா வாங்க."

நாயகி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படித் துடைத்தால் கிளம்பப் போகிறார் என்று அர்த்தம்.

பிரபு தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். புத்தம் புது வெள்ளைச் சட்டை. மீன் கேஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டையா அது? மாற்றுவதற்குள் கீழே நாயகியின் ஸ்கூட்டி ஹாரன் அடித்துவிட்டது.

*

கூட்டேரிப்பட்டைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டி சக்கரபாணியின் மாந்தோப்பு. தோப்புக்குள் வீடு, வீட்டுக்குப் பின்னால் மோட்டார் கொட்டகை, பெரிய கிணறு, அதற்கப்பால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. சக்கரபாணி ஏழு தலைமுறையாக அங்கே பயிர் வைக்கிற குடும்பம். தூண்டில் சங்கத்தின் தலைவரும் அவர்தான், போட்டிக்கு நடுவரும் அவர்தான்.

புரட்டாசியில் மீன் போட்டியா என்று யாரும் பதற வேண்டாம். அதற்கும் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. "பிடிக்கிறதுல பாவமில்ல, தின்றதுலதான் பாவம்" என்பார். அதனால் ஏரி மீனை உயிரோடு பிடிக்க வேண்டும், எடை போட வேண்டும், திரும்ப ஏரியில் விட வேண்டும். மறுநாள் விடியலில் எல்லாரும் மரக்காணம் பக்கம் போய்க் கடல் மீன் பிடித்து வர வேண்டும். இரண்டையும் சேர்த்து யாருக்குக் கூடுதல் எடையோ அவருக்குக் கோப்பை. போட்டோ செல்லாது. போன வருஷம் ஒருத்தர் பழைய போட்டோவைக் காட்டி ஊரை ஏமாற்றியதிலிருந்து, மீனை நேரில் காட்டினால்தான் கணக்கு.

வாசலில் வாழை இலைகள் குவிந்து கிடந்தன. காற்றில் புளியோதரை மணம். மத்தியானம் பெருமாளுக்குத் தளிகை போட்டு ஊருக்கே சாப்பாடு போட்டிருந்தார்கள். சக்கரபாணி நெற்றி நிறைய நாமமும் வெறும் உடம்புமாக வந்தார். வேட்டி மடிப்பில், இடுப்போரம், என்னவோ புடைத்துக்கொண்டிருந்தது.

"மடியில இன்னாங்க ஐயா, பிரசாதமா?" என்றான் பிரபு ஆசையாக.

"மூக்குப்பொடி டப்பா" என்று சட்டென்று கையால் மூடிக்கொண்டார் அவர்.

பவுலின் நடந்ததைச் சொன்னாள். நேற்று பொழுது சாய்கிற நேரம். மற்றவர்கள் டிபனுக்குப் போய்விட்டார்கள். ஏரியின் கோடிக்கரையில் அவள் மட்டும். அப்போதுதான் விரால் மாட்டியது. முள் தொண்டை வரைக்கும் போய்விட்டது. பிடுங்கினால் செத்துவிடும் என்று தூண்டில் நரம்பை மட்டும் அறுத்துவிட்டு, முள்ளோடேயே தூக்கி வந்தாள். மோட்டார் கொட்டகை ஓரம் நீல ட்ரம் ஒன்று, நிறையத் தண்ணீரோடு, பித்தளைத் தட்டு மூடி இருந்தது. அதற்குள் விட்டு, தட்டை மூடி, மேலே ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்தாள்.

"கல்லு எதுக்கு?" என்றார் நாயகி.

"விரால் எகிறும் மேடம். மூடியையே தள்ளிக்கினு குதிச்சுடும். விடியறதுக்கு முன்னாடி கடலுக்குக் கிளம்பினோம். ஜீப்புல எல்லாரும் அவசரப்படுத்தினாங்க, தொறந்து பார்க்கல. மதியம் வந்து பார்க்கிறேன், தண்ணிதான் இருக்குது."

இதற்குள் ஒரு இளைஞன் செல்போனைக் குச்சியில் மாட்டிக்கொண்டு முகத்துக்கு நேரே வந்துவிட்டான். "நண்பர்களே, பொய் மீன் பவுலின் இப்ப டிடெக்டிவ் வெச்சிருக்காங்க!" அவன் கோபி. 'தூண்டில் கோபி' என்று சேனல் நடத்துகிறவன். பவுலின் மீன் இல்லையென்றால் கோப்பை அவனுக்குத்தான்.

"விளக்கு வெச்சதும் முடிவு சொல்லிடுவேன்" என்றார் சக்கரபாணி யார் முகத்தையும் பார்க்காமல். "தராசுல பேட்டரி வேற போயிடுச்சு. வாங்கியாரச் சொல்லியிருக்கிறேன்."

"மொதல்ல தராசு ஆணி சரியில்லைன்னீங்க, அப்புறம் நல்ல நேரம் வரட்டும்னீங்க, இப்ப பேட்டரியா?" என்று கோபி சலித்துக்கொண்டான்.

நாயகி ட்ரம்மிடம் போனார். மேலே அலுமினியத் தட்டு. அதன் மேல் கருங்கல். பிரபு கல்லை இறக்கிவிட்டு, ட்ரம்மின் விளிம்பில் கையை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தான். தண்ணீர் பாதிதான் இருந்தது. அடி வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

"பித்தளைத் தட்டுன்னு சொன்னியே?" என்றார் நாயகி.

"பித்தளைதான் மேடம். சத்தியமா."

"அப்ப மீனையும் தூக்கியிருக்கான், தட்டையும் தூக்கியிருக்கான்" என்றான் பிரபு. "அடுத்து இலையைத் தூக்குவான். பந்தி போடப் போறான் போலக்கா."

நாயகி குனிந்து முகர்ந்தார். "ராவெல்லாம் விரால் கிடந்த ட்ரம். கவிச்சி வாடையே இல்லையே."

"திருடன் சுத்தக்காரன்!"

வெயிலில் வந்த அலுப்பு பிரபுவுக்கு. "ஐயா, அந்த மோட்டாரைக் கொஞ்சம் போட்டா ஒரு குளியல் போட்டுடுவேன்" என்றான்.

"ஃபியூஸ் போயிடுச்சுப்பா!" சக்கரபாணி எரிந்து விழுந்தார். ஒரு குளியலுக்கு இவ்வளவு கோபமா என்று பிரபுவுக்கு மனசு சுருங்கிப் போயிற்று.

"விடியக்காலம் ஜீப்புல எல்லாரும் போனாங்களா?" என்று நாயகி பவுலினிடம் கேட்டார்.

"கோபியைத் தவிர. அவன் கடல்கரையில எங்ககூட நிக்கவே இல்ல மேடம். கடைசியில ஒரு ஐஸ் பெட்டியோட வந்தான். திரும்பி வரும்போது கூட்டேரிப்பட்டு மெஸ்ல அதை இறக்கிட்டு வந்தான்."

பிரபுவின் முகம் மலர்ந்தது. துப்பு கிடைத்ததற்காக அல்ல, மெஸ் என்ற வார்த்தைக்காக.

*

கலையரசி மெஸ்ஸில் லாரி டிரைவர்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஐவேஸ்ல ஓடறவனுக்குப் புரட்டாசி இன்னா, ஐப்பசி இன்னா" என்று சொல்லிக்கொண்டே கலையரசி இலை போட்டாள். மெஸ்ஸுக்கு முதலாளியும் அவள்தான், சமையலும் அவள்தான்.

பிரபு விசாரணையை வயிற்றிலிருந்து ஆரம்பித்தான். இரண்டு முறை சோறு வாங்கிய பிறகுதான் வாய் பேச்சுக்கு வந்தது.

"அக்கா, கோபி இங்க ஒரு மீன் குடுத்தாராமே. அது இந்தக் குழம்புக்குள்ள இல்லையே?"

"சேச்சே. பத்திரமா ஃப்ரீசர்ல வெச்சிருக்குது. சாயந்திரம் எடை போடணுமாம்." கலையரசி பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு கனமான கொடுவா ஒன்று. விரால் இல்லை. கடல் மீன்.

"போச்சு" என்று பிரபு உதட்டைப் பிதுக்கினான்.

நாயகி அந்த மீனின் வாயை இரண்டு விரலால் பிளந்து பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு செவுளுக்குப் பின்னால் தடவினார்.

"பிரபு, தூண்டில்ல மாட்டின மீனுக்கு எங்க காயம் இருக்கும்?"

"வாயில."

"இதுக்கு வாயில ஒரு கீறல் கிடையாது. கழுத்தைச் சுத்திப் பாரு, நூல் பதிஞ்ச தழும்பு. இது வலையில சிக்கின மீன்."

கலையரசி களுக்கென்று சிரித்துவிட்டாள். "என்னைக் காட்டிக் குடுத்துடாதீங்க. நேத்து ராத்திரி தோப்புல கொசு தாங்கலைன்னு அந்தப் பிள்ள இங்க வந்து பெஞ்சுல படுத்துக்கிச்சு. விடியறதுக்கு முன்னாடி நான் மரக்காணத்துக்கு மீன் எடுக்கப் போறப்ப என் லோடு ஆட்டோலதான் வந்துச்சு. படகுக்காரங்கிட்ட இதை வாங்கினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். கடலோரத்துல சங்கத்து ஆளுங்ககூடப் போய்ச் சேர்ற வரைக்கும் என் கண்ணை விட்டு நகரல."

பிரபுவுக்குச் சோறு விக்கிக்கொண்டது. "அடப்பாவி! ஊரைப் பார்த்துப் பொய் மீன்னு கத்தறவன் மீனே பொய் மீனா?"

"ஆனா விராலை அவன் எடுக்கல" என்றார் நாயகி. "ராத்திரியெல்லாம் இங்க, காலையெல்லாம் அங்க. அவன் பண்ணின திருட்டுத்தனமே அவனுக்குச் சாட்சி."

ஆக, இருந்த ஒரே துப்பும் புட்டுக்கொண்டது. பொழுது வேறு மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. பிரபு கை கழுவ எழுந்தவன், "ஐயோ!" என்று அலறினான். வெள்ளைச் சட்டையின் கை ஓரத்தில், முழங்கைக்குக் கீழே, நீளமாக ஒரு கறை.

"அக்கா, உங்க குழம்பு என் சட்டையைக் கெடுத்துடுச்சு! நேத்துதான் எடுத்தது!"

கலையரசி இடுப்பில் கை வைத்தாள். "தம்பி, என் குழம்பைப் பத்திப் பேசாத. என் குழம்பு பட்டா செவப்பா, எண்ணெய் கசிஞ்சு இருக்கும். இது காய்ஞ்ச மஞ்சக் கறை. நீ உள்ள நுழைஞ்சு உக்காரும்போதே இருந்துச்சு. நான் பார்த்தேன்."

நாயகி அவன் கையைப் பிடித்து இழுத்து, சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார்.

"எக்கா, விடுங்க. எல்லாரும் பார்க்குறாங்க."

"இந்தக் கையை எங்கடா ஊன்றின?"

"எங்கயும் இல்லையே... அந்த ட்ரம்முலதான், எட்டிப் பார்க்கறப்ப..."

நாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மீன் திருடுறவன் ட்ரம்மைக் கழுவ மாட்டான். கழுவினாலும் மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவ மாட்டான். வண்டியை எடு."

*

வீட்டுப் பின்கட்டில் சக்கரபாணியின் மனைவி அம்சவள்ளி தனியாகப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நாயகி பக்கத்தில் போய்க் குந்தினார். பிரபு தன் கறைபட்ட கையை நீட்டினான்.

"அம்மா, கொஞ்சம் மஞ்சத்தூள் கிடைக்குமா? இந்தக் கலருக்கு மேட்ச்சா" என்றான்.

அம்சவள்ளியின் கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே உருண்டது.

"பயப்படாதீங்கம்மா" என்றார் நாயகி மெதுவாக. "அந்த ட்ரம் கை கழுவுற ட்ரம் இல்ல. தளிகைக்குத் தண்ணி பிடிச்சு வெச்ச ட்ரம். அப்படித்தானே?"

அந்த அம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து சாயங்காலமே தேய்ச்சுக் கழுவி, தண்ணி நெரப்பி, சாமித் தட்டைப் போட்டு மூடி வெச்சேங்க. விடிகாலைல தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வர்றேன், தட்டு மேல கல்லு. இன்னாடா இதுன்னு எடுத்தேன். அம்மாடி! மொகத்துல தண்ணியை அடிச்சுட்டு ஒண்ணு கண்ணை உருட்டிக்கினு பார்க்குது! பெருமாள் தண்ணில விரால்!"

"யாரையாச்சும் கூப்பிட வேண்டியதுதானே?" என்றான் பிரபு.

"எப்படிங்க கூப்பிடறது? எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, கவிச்சி பட்டுடுச்சுன்னு தளிகையையே நிறுத்திடுவாரு. மாசம் முழுக்க ஒருவேளை சாப்பாடு, பாய்ல படுக்கை, அப்படி இருக்கற மனுசன். ஊரையே கூப்பிட்டாச்சு. கொல்லவும் முடியுமா, சனிக்கிழமையும் அதுவுமா? புடைவையில சுருட்டி எடுத்து, கோவிந்தான்னு சொல்லிக் கெணத்துல விட்டுட்டேன். ட்ரம்மை மஞ்சத் தண்ணி ஊத்தி மூணு வாட்டி கழுவி, புதுத் தண்ணி எறைச்சு நெரப்பித்தான் சமைச்சேன். தட்டையும் புளி போட்டுத் தேய்ச்சு மாவிளக்குக்கு எடுத்துக்கினேன். ட்ரம்முக்கு ஒரு அலுமினியத் தட்டைப் போட்டு, அந்தக் கல்லையே மேல வெச்சுட்டேன். அது அந்தப் பொண்ணோட போட்டி மீனுன்னு மதியந்தான் தெரியும். அதுலேந்து எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல. அந்தப் பொண்ணு மொகத்தைப் பார்க்க முடியல."

சொல்லிவிட்டு நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பேரைக் காப்பாத்துங்க. ஆனா அவருக்கு மட்டும் தெரியக் கூடாது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வெளியே வந்ததும் பிரபு தலையைச் சொறிந்தான். "பேஜாரா இருக்குதேக்கா. பவுலினைக் காப்பாத்தணும்னா உண்மையைச் சொல்லணும். சொன்னா இந்த அம்மா மாட்டும்."

"மீனைக் காட்டினாப் போதும். மோட்டாரைப் போட்டுத் தண்ணியை இறக்கினா தானா தெரிஞ்சுட்டுப் போவுது."

"மோட்டார்லதான் ஃபியூஸ் இல்லையே."

நாயகி நின்றார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் ஃபியூஸ் பெட்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஃபியூஸ் கட்டை இருக்க வேண்டிய இடம் காலி.

"ஃபியூஸ் போச்சுன்னா கம்பிதான்டா கருகும். கட்டையே நடந்து போயிடுமா?"

*

சக்கரபாணி தோப்பின் ஓரத்தில் தனியாக உலாத்திக்கொண்டிருந்தார். பேட்டரி வந்துவிட்டது. இனி சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கோபி தூரத்தில் நின்று கேமராவில் கத்திக்கொண்டிருந்தான்.

நாயகி கையை நீட்டினார். "ஐயா, தலை பாரமா இருக்குது. ஒரு சிட்டிகை மூக்குப்பொடி குடுங்க."

சக்கரபாணியின் கை தானாக இடுப்புக்குப் போனது. ஆனால் எதையும் எடுக்கவில்லை.

"குடுங்க ஐயா" என்றான் பிரபு. "இல்ல, அந்த டப்பாவுல கரண்ட் பாயுமா?"

சக்கரபாணி வேட்டி மடிப்பை அவிழ்த்தார். வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"பார்த்துட்டீங்க, இல்லையா?" என்றார் நாயகி.

"விடிகாலைல மாட்டுக் கொட்டாய்ல இருந்தேன்." அவர் குரல் எழும்பவே இல்லை. "அவ கெணத்தாண்ட நின்னு, மீனை விட்டுட்டு, ரெண்டு கையும் கூப்பிக் கும்பிட்டா. எல்லாம் எனக்காவ. என் விரதம் கெடக்கூடாதுன்னு. நான் போயி 'பார்த்துட்டேன்'னு சொன்னா அந்த மனசு இன்னா ஆவும்? வாயை மூடிக்கினு தளிகையில உக்காந்து சாப்பிட்டேன். அப்புறந்தான் மோட்டாரைப் போட்டா தண்ணி எறங்கி மீனு தெரிஞ்சுடும்னு கட்டையைப் பிடுங்கி மடியில வெச்சுக்கினேன்."

"அங்க ஒரு பொண்ணு பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கினு நிக்குதுங்களே" என்றான் பிரபு. இந்த முறை அவன் குரலில் கிண்டல் இல்லை. அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"தெரியும் தம்பி. நடுவர்னு உக்காந்துக்கினு நான் பண்ணினது அநியாயம். எத்தனை சாக்கு சொல்லி நேரத்தைக் கடத்தினேன்! என் வாயால சொல்லவும் முடியல, சொல்லாம இருக்கவும் முடியல. விழுப்புரத்துல ஒரு அம்மா பொய்யை எல்லாம் நோண்டி எடுத்துடுவாங்கன்னு கேள்விப்பட்டேன். அதான் அந்தப் பொண்ணுக்கு உங்க நம்பரைக் குடுத்தேன். நீங்களாக் கண்டுபிடிச்சா தேவலைன்னு."

பிரபு வாயைப் பிளந்தான். தன்னைப் பிடிக்கத் தானே ஆள் வைத்த மனிதரை அவன் அன்றுதான் பார்க்கிறான்.

"அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றார் சக்கரபாணி.

"கட்டையை மாட்டுங்க" என்றார் நாயகி.

*

மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைக்கு ஓடியது. சங்கத்து ஆட்கள் எல்லாரும் கிணற்றைச் சுற்றி வந்து குனிந்து நின்றார்கள். கோபியும் குச்சியைக் கிணற்றுக்குள் நீட்டினான். "நண்பர்களே, இப்ப கெணத்துல மீன் தேடறாங்களாம்! சிரிச்சுடாதீங்க!"

தண்ணீர் இறங்க இறங்க, உள்படிக்கட்டு ஒவ்வொன்றாகத் தலை நீட்டியது. திடீரென்று அடியில் கறுப்பாக ஒரு வளைவு திரும்பியது. வால் ஒரு அடி அடித்தது.

"அதான்! என் விரால்!" பவுலின் கத்தினாள்.

"கெணத்துல எந்த விரால் வேணா இருக்கும்" என்றான் கோபி.

பவுலின் ராடை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். நரம்பின் நுனியில் பச்சை ரப்பர் தவளையைக் கட்டி, தண்ணீர் மேல் தத்தித் தத்தி இழுத்தாள். முதல் தடவை மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை கிட்டே வந்து முறைத்துவிட்டுப் போனது. மாதாவே, இந்த ஒரு மீனுக்கு மட்டும் பசியைக் கொடு என்று பிரபு வேண்டிக்கொண்டான். நேற்றிலிருந்து ஒன்றும் தின்னாத விரால் மூன்றாவது தடவை பொறுக்கவில்லை. தண்ணீர் வெடித்தது. ராடு வில்லாக வளைந்தது.

மேலே கொண்டுவந்து ஈரச் சாக்கில் போட்டதும் பவுலின் மீனின் வாயைப் பிளந்து காட்டினாள். ரப்பர் தவளைக்கும் உள்ளே, தொண்டையோரத்தில், இன்னொரு முள். அறுந்த நரம்போடு. முள்ளின் தண்டில் ஒரு சொட்டு சிவப்பு நெயில் பாலிஷ்.

"என் முள்ளு எல்லாத்துக்கும் இப்படி ஒரு சொட்டு வெப்பேன்" என்று தன் தூண்டில் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே வரிசையாகச் சிவப்புப் பொட்டு. அவள் விரல் நகத்திலும் அதே சிவப்பு.

கூட்டம் ஹோ என்று கத்தியது. கோபியின் செல்போன் எல்லாவற்றையும் உலகத்துக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அணைக்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

"இருங்க, இருங்க. ட்ரம்முல இருந்தது கெணத்துக்கு எப்படிப் போச்சு?" என்றான் கடைசியில்.

"விரால் எகிறும்" என்றார் நாயகி.

"மூடி மேல கல்லு இருந்துச்சே?"

நாயகி அவன் தோளில் அன்பாகக் கை வைத்துக் காதோரம் பேசினார். "கல்லைப் பத்தியும் பேசலாம். கூட்டேரிப்பட்டு ஃப்ரீசர்ல ஒரு கொடுவா, கழுத்துல வலைத் தழும்போட இருக்குது. அதைப் பத்தியும் பேசலாம். எதை மொதல்ல பேசலாம், தம்பி?"

கோபி கேமரா பக்கம் திரும்பினான். "நண்பர்களே... விரால் நல்லாவே எகிறும். பவுலின் அக்கா பிடிச்சது நிஜ மீனு. நான் தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க. என் கொடுவாவை நான் போட்டிக்கு வெக்கல." வீடியோவின் கீழே 'பொய் மீன்' என்று எழுதியவர்களே இப்போது 'அக்கா கடை எங்க?' என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

சக்கரபாணி எடை போட்டார். கோப்பையைக் கொடுக்கும்போது பவுலினின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடும்மா, ரொம்பக் காக்க வெச்சுட்டேன்" என்றார். அம்சவள்ளி உள்ளேயிருந்து வேகமாக வந்து அவளுக்கு ஆரத்தி சுற்றினார். தட்டு பளபளவென்று பித்தளையில் மின்னியது. முள்ளை இடுக்கியால் பக்குவமாக எடுத்து, விராலை ஏரியில் விட்டார்கள். அது ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டது.

*

ஸ்கூட்டியை எடுக்கும்போது பவுலின் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மேடம், அந்த ஆரத்தித் தட்டு... நேத்து நான் விரால் மேல மூடினது அதுதான். அடியில நாமம் பொறிச்சிருக்குது. இருட்டுல தெரியல. அது சாமி ட்ரம்முன்னு இப்பத்தான் புரியுது. அந்த அம்மா எல்லாத்தையும் மனசுல வெச்சிக்கினு எனக்கு ஆரத்தி எடுத்தாங்க மேடம். நான் பண்ணின தப்பு எனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு அவங்களுக்கோ ஐயாவுக்கோ தெரிய வேணாம். ரொம்ப சங்கடப்படுவாங்க."

"தெரியாது" என்றார் நாயகி.

வண்டி நெடுஞ்சாலைக்கு ஏறியது. பின்னால் பிரபு விரலை மடக்கிக்கொண்டிருந்தான். "அம்மாவுக்குத் தெரியும், ஐயாவுக்குத் தெரியக் கூடாது. ஐயாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியக் கூடாது. பவுலினுக்குத் தெரியும், ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது. அக்கா, அடுத்த புரட்டாசியில இவங்க ஒரே பந்தியில உக்காரும்போது நாம பக்கத்துல இருக்கக் கூடாது. நான் சிரிச்சுடுவேன்."

"சிரிக்க மாட்ட" என்றார் நாயகி.

பிரபு யோசித்துப் பார்த்தான். மாட்டேன் என்றுதான் தோன்றியது. மடியில் அம்சவள்ளி கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம் கனமாக இருந்தது. அதைப் பிரித்தான்.

"இது அந்த ட்ரம்முத் தண்ணியில வடிச்சதுதானேக்கா?"

"மூணு வாட்டி கழுவினது."

ஒரு வாய் போட்டுக்கொண்டான். கண்ணை மூடி மென்றான். இப்படிப்பட்ட புளியோதரையை அவன் ஜென்மத்தில் சாப்பிட்டதில்லை.

"சட்டை பத்திரம்டா" என்றார் நாயகி திரும்பாமல்.

"விடுங்கக்கா. ஒரு கை மட்டும் மஞ்சளா இருந்தா நல்லா இல்ல" என்றான் பிரபு.